கடுமுகம் காட்டும் மேலாளர்

ஓசூர்ச் சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. அதைத் தாண்டினால் ஜூஜூவாடி, தமிழ்நாடு தொடங்கிவிடும். இவ்வூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிக்கும் வேலைக்கும் செல்லும் நம் நண்பர்கள் முதல் மாதத்திலேயே ஒரு குறையோடு வருகிறார்கள். “இயந்திரத்தோடு பழகிவிட்டேன், மேற்பார்வையாளரோடுதான் பழக முடியவில்லை” என்கிறார்கள். சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள். கடுகடுத்த முகங்களை எல்லாம் ஒரே தராசில் வைத்து நிறுப்பதால் வரும் தொல்லை இது என்று நான் கருதுகிறேன்.

எல்லையூரில் முதலில் ஐயுற வேண்டியது மனிதரை அன்று; மொழியை. கன்னடத்தில் ‘பா’ என்றால் ‘வா’. ‘பன்னி’ என்றால் ‘வாருங்கள்’. மரியாதையோடு ஒருவர் ‘பன்னி’ என்றழைக்க, தன்னைப் பன்றி என்று வைதுவிட்டதாக நம் பையன் கண் சிவந்த கதை பெங்களூரில் நெடுநாளாகச் சொல்லப்படும் வேடிக்கை. வேடிக்கைதான், ஆனால் இதே வகையான மயக்கம் தொனியிலும் உண்டு. நாம் இயல்பாகப் பேசும் உரத்த குரல் அவர்களுக்குச் சண்டையாகப் படலாம். கன்னடத்தில் நாலு வாக்கியம் கற்றுக்கொண்டு போனால், பொல்லாதவராகத் தோன்றிய சிலர் பொல்லாதவர் அல்லர் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

மொழி தெரிந்தும் சீறுகிறவர் இருக்கிறார். அவருடைய இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு வைத்திருப்பார்கள். கணக்குக் குறைந்தால் மேலே இருப்பவர் மேற்பார்வையாளரை வைவார். அவர் தையற்காரரை வைவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மணிக்கணக்கு முடியும் தறுவாயில் அவரிடம் நியாயம் பேசப் போவது வீண். வேலை தொடங்குவதற்கு முன்போ தேநீர் வேளையிலோ போக வேண்டும். “ஏன் வைதீர்கள்?” என்று கேட்பதைவிட, “எந்த உருப்படியில் தவறு, எங்கே தவறு?” என்று கேட்டால் பேச்சு வேலையின் பக்கம் திரும்பும்.

நம் மனமும் நம்மை ஏமாற்றுவது உண்டு. அமெரிக்காவில் சிக்காகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளரைத் தனித்தனியே பேசவிட்டுக் குறை கேட்டார்கள். அவர்களுள் ஒரு பெண் தன் மேற்பார்வையாளரை அறவே வெறுத்தாள். பேசிக்கொண்டே போகையில் காரணம் அவளுக்கே புலப்பட்டது: அவரிடம் தன் மாற்றாந்தந்தையின் சாயல் இருப்பதாக அவள் எண்ணியிருந்தாள்! எல்டன் மேயோ என்ற அறிஞர் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

இனி, உள்ளபடியே கொடியவர். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள்; இவர் விஷயத்தில் நான் அதை ஏற்பதற்கில்லை. பொங்கி எழுவதும் பயன் தராது. 2020 டிசம்பர் 12 அன்று கோலார் மாவட்டம் நரசாபுரத்தில், விஸ்திரான் கைப்பேசித் தொழிற்சாலையில் சம்பளக் குறை கலவரமாக வெடித்தது. சிலருக்குச் சம்பளம் சரியாகச் சேரவில்லை என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டு, இந்தியப் பொறுப்பிலிருந்த துணைத்தலைவரை நீக்கியது. குறை மெய், ஆயினும் கைதானவர்களோ தொழிலாளர்.

அந்தக் குறை கல்லாக மாறுவதற்கு முன் காகிதமாக மாறியிருக்க வேண்டும். என்ன சொன்னார், எந்த நாள், எத்தனை மணி, அருகில் யார் இருந்தார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலையில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும் என்பது 2010இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்ந்த விதி. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. நிர்வாகத்தாரும் தொழிலாளரும் அதில் சம எண்ணிக்கையில் அமர்வார்கள். மனுவை இரண்டு படிகள் எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது.

மாணவிகளுக்கு ஒன்று கூற வேண்டும். பாலியல் தொல்லை இந்தக் குழுவோடு நிற்கும் விஷயம் அன்று. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடத்தில் அதற்கெனத் தனிக்குழு அமைக்க வேண்டும். 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ‘நான் பயிற்சிக்குத்தானே வந்தேன்’ என்று தயங்க வேண்டியதில்லை. பயிற்சி பெறுபவரையும் தொழில் பழகுநரையும் அச்சட்டம் பணியாளர் என்றே குறிப்பிடுகிறது.