தாதியரின் பணிச்சோர்வு

ஹாலிஎலத் தோட்டங்களில் கடும் நோயுற்றோரைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வர். அங்கே தாதி சிடுசிடுத்தால், அவரைக் கல்நெஞ்சர் என்றுரைப்பது எளிது. அது பணிச்சோர்வின் குரலாகவும் இருக்கலாம்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் இச்சோர்வை மூன்று கூறாக வகுத்தது: ஆற்றல் வற்றுதல், தொழிலில் மனம் ஒட்டாமை, செயல்திறன் குன்றுதல். இதனை நோயென்னாது, பணியிட அழுத்தம் நீடிப்பதன் விளைவென்றது.

இச்சோர்வின் காரணம் இடத்துக்கிடம் வேறுபடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இமைப்பொழுதும் அகலாத விழிப்பு. பொது வார்ட்டில் நோயாளர் பெருக்கம். புற்றுநோய்ப் பிரிவில் பழகிய முகங்களின் மறைவு. சிற்றாஸ்பத்திரியின் இரவிலோ தனிமை. சிங்களம் மட்டுமறிந்த தாதியும் தமிழ் மட்டுமறிந்த தாயும் சைகையாற் பேசநேரின், அதுவும் இருவர்க்கும் சுமையே.

ஆதலின், பொறுமையைப் போதித்தல் மட்டும் போதாது. போதிய ஆள்பலம், முறையான ஓய்வு, மொழித்துணை ஆகியனவே இதற்கு மருந்தாகும்.