சமாந்தர இணைப்புகளும் வலையமைப்பின் விரிவாக்கமும்

ஒரு வலையமைப்பின் கொள்ளளவைப் பெருக்க இரு வழிகள் உள. ஒன்று, இருக்கும் ஆளியையும் இணைப்பையும் அகற்றி அவற்றினும் வலியனவற்றை நிறுவுதல். மற்றையது, சாதாரண இணைப்புகள் பலவற்றைச் சமாந்தரமாக அமைத்துப் பளுவைப் பகிர்தல். முதலாவதற்கு இயந்திரத்தின் ஆற்றலும் விலையும் எல்லை வகுக்கின்றன. இரண்டாவதன் தருக்கத்தை இங்கு நோக்குவோம்.

இதன் கோட்பாட்டு அடித்தளம் தொலைபேசித் துறையில் இடப்பட்டது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் குளொஸ், பேராளி ஒன்றுக்குப் பதிலாகச் சிற்றாளிகளை மூன்று அடுக்குகளில் ஒழுங்குசெய்யலாம் என 1953இல் எடுத்துக்காட்டினார். முதலடுக்கிலும் இறுதியடுக்கிலும் ஆளி ஒவ்வொன்றும் 10 அழைப்புகளை ஏற்கும் எனக் கொள்வோம். புதிய அழைப்பொன்று வருகையில், புறப்படும் ஆளியில் ஏனைய 9 அழைப்புகளும் சேரும் ஆளியில் ஏனைய 9 அழைப்புகளும் வெவ்வேறு நடு ஆளிகளைப் பற்றியிருக்கலாம். அவ்வாறாயினும் 18 மட்டுமே அடைபடும். எனவே நடுவடுக்கில் 19 ஆளிகள் இருப்பின், முன்னைய அழைப்புகளை இடம்மாற்றாமலே வழி கிடைக்கும்.

இக்கருத்து பின்னர் தரவு நிலையங்களிற் புத்துயிர் பெற்றது. 48 வாயில்கள் கொண்ட ஒரேவகை ஆளிகள் 2,880ஐக் கொண்டு 27,648 கணினிகளை இணைக்கலாம் எனக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ ஆய்வாளர் 2008இற் காட்டினர்.

ஆயின் இணைப்புகளைப் பெருக்குதல் மட்டும் போதாது. வழிப்படுத்தும் முறையும் மாறவேண்டும். றேடியா பேர்ள்மன் 1985இல் வெளியிட்ட விரிமர நெறிமுறை, பொதிகள் வட்டமாகச் சுழலாதிருக்க ஒரு பாதையை மட்டும் திறந்து ஏனையவற்றை மூடிவிடும். சமசெலவுப் பல்பாதை முறையோ எல்லாப் பாதைகளையும் பயன்படுத்துகின்றது. முகவரிகளையும் வாயில் இலக்கங்களையும் கொண்டு கணிக்கப்படும் ஓர் எண், ஒவ்வோர் உரையாடலுக்கும் உரிய பாதையைத் தீர்மானிக்கின்றது. ஓர் உரையாடலின் பொதிகள் பல பாதைகளிற் சிதறின், வரிசை குலையும். அனுப்பும் கணினி அதனை இழப்பெனக் கருதி வேகத்தைக் குறைக்கும். 16 சமாந்தர இணைப்புகளுள் ஒன்று அறுந்தால், இழக்கப்படுவது கொள்ளளவில் பதினாறில் ஒரு பங்கே.

இம்முறையின் குறைபாடும் அதன் இயல்பிலேயே உள்ளது. பாதை பளுவை நோக்காது தெரிவுசெய்யப்படுவதால், பெரும் பாய்ச்சல்கள் இரண்டு ஒரே இணைப்பில் வீழ, அயலிணைப்பு வெறுமையாகக் கிடக்கலாம். சராசரியிற் காணப்படும் சமத்துவம் ஒவ்வோர் இணைப்பிலும் நிலவுவதில்லை.

கூகிள் நிறுவனம் 2015இல் விவரித்த யூப்பிற்றர் வலையமைப்பு, இவ்வடிப்படையிலேயே செக்கனுக்கு 1 பெற்றாபிற்றுக்கு மேற்பட்ட கொள்ளளவை எட்டியது. இங்கு ஒரு வேறுபாட்டை நாம் வலியுறுத்த வேண்டும். தொழில்நுட்பம் பேராளியின் ஏகபோகத்தைத் தகர்த்து, பளுவைப் பல எளிய கருவிகளிடையே பரவலாக்கியுள்ளது. எனினும் அக்கருவிகளை ஆயிரக்கணக்கில் ஒருங்கே நிறுவவல்ல மூலதனம் சிலரிடமே உளது. அமைப்பின் பரவலாக்கத்தை உடைமையின் பரவலாக்கமாகக் கொள்ளுதல் தவறாகும்.