ஸ்ட்ரைக்கர் ஏன் கூடவே போய் விழுது?

பையன் மேசைக் கால்பந்து கேட்டான். கம்பியைச் சுழற்றினா பொம்மைங்க பந்தை உதைக்குமே, அது. எங்க ஆபீஸ்ல ஒண்ணு இருக்கு. ராயபுரத்துல எங்க ஹால்ல அதைப் போட்டா நாங்க மொட்டை மாடியிலதான் படுக்கணும். கதவுக்குப் பின்னால சாத்தி வெச்சிருந்த கேரம் போர்டை எடுத்துத் துடைச்சேன். இடமில்லாத வீட்டுக்கு ஏத்த ஆட்டம். முடிஞ்சதும் சுவரோட சாய்ச்சுடலாம்.

முதல் அரை மணி நேரத்துல ஆறு தடவை ஃபைன் கட்டினான். காய் அழகா விழுது, பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் விழுது. "மெதுவா அடிடா"ன்னேன். துறைமுகத்துல வேலை பார்த்த எங்கப்பா எனக்குச் சொன்னது அதுதான். ஏன்னு அவரும் சொல்லல, நானும் கேட்கல. இப்ப கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

விதிப்படி ஒரு காயின் எடை 5 முதல் 5.5 கிராம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய மூணு மடங்கு. இரண்டும் சம எடையா இருந்தா, நேருக்கு நேர் மோதினதும் ஸ்ட்ரைக்கர் அங்கேயே நின்னுடும். மூணு மடங்கு என்பதால் அது பாதி வேகத்தில் தொடர்ந்து ஓடும். காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும். அதாவது காயின் வேகம் ஸ்ட்ரைக்கரைப் போல மூணு மடங்கு.

உராய்வில் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால காய் 45 செ.மீ. ஓடி நிற்கும் அடியில், ஸ்ட்ரைக்கர் மோதின இடத்திலிருந்து 5 செ.மீ.தான் நகரும். ஒன்பதில் ஒரு பங்கு! (மோதலில் கொஞ்சம் ஆற்றல் வீணாகும், அதனால நிஜத்தில் வித்தியாசம் இவ்வளவு இருக்காது.) காய் குழி வரைக்கும் போகிற அளவுக்கு மட்டும் அடிச்சா, ஸ்ட்ரைக்கர் பாதி வழியிலேயே நின்னுடும். ஓங்கி அடிச்சா அந்த ஐந்து செ.மீ. ஐம்பதாகும், அதுவும் குழிக்குப் போய்ச் சேரும்.

குழி வாயில் நிற்கும் காய்தான் ஆபத்து. அதுக்கு லேசா ஒரு தட்டு போதும். சுலபமான காய்ன்னு நினைச்சு அடிக்கிறோம், ஃபைன் விழுது. போரிக் பவுடரைக் கொட்டினா உராய்வு குறையும், இன்னும் மெதுவா அடிக்கணும். என் பையன் அரை டப்பாவைக் கொட்டியிருந்தான்.

வெட்டிப் பசங்க ஆட்டம்னு எங்க தெருவுல சொல்லுவாங்க. இரண்டு முறை உலக சாம்பியனான சென்னை மரிய இருதயத்துக்கு 1996 அர்ஜுனா விருது கிடைச்சது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், நம்ம புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா மூணு தங்கம் வாங்கினார். அவர் அப்பா ஆட்டோ ஓட்டுபவர்.

நேத்து பையன் ஃபைன் கட்டாம ஒரு போர்டு முடிச்சான். கணக்கு அவனுக்குப் புரியல. கை புரிஞ்சுக்கிச்சு. எங்கப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.