வில்லையைத் தேடும் கணினி

நெடுந்தீவுக் குதிரைகளைப் படமெடுக்கும் கைத்தொலைபேசியின் கமராவுக்குள் ஐந்தாறு சிறிய பிளாஸ்டிக் வில்லைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் வளைவு, தடிப்பு, இடைவெளி என மாற்றக்கூடிய அளவுகள் ஏராளம். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். 1840இல் வியன்னாவில் யோசப் பெட்சுவால் தன் உருவப்பட வில்லையைக் கணக்கிட்டபோது, கணக்கறிந்த பீரங்கிப் படைவீரர்கள் உதவினார்கள். இன்று அந்த உழைப்பைக் கணினியின் உகப்பாக்கல் வழிமுறை ஏற்றுக்கொள்கிறது. ஒளிக்கதிர்கள் எங்கே பிசகுகின்றன என்று அளந்து, பிசகு குறையும் திசையில் எல்லா அளவுகளையும் சேர்த்தே நகர்த்துகிறது. 1944இல் கென்னத் லெவன்பேர்க் வெளியிட்ட கணித முறை இதில் பெரிதும் பயன்படுகிறது.

அப்படியானால் வடிவமைப்பாளர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த முறை, பிசகு குறைவான கிட்டிய பள்ளத்தில் இறங்கியதும் அதுவே அடி என்று நின்றுவிடும். அப்பால் இன்னும் ஆழமான இடம் இருப்பது அதற்குத் தெரியாது. எழுமாறாகத் தாவித் தேடும் மரபணு வழிமுறைகள் இந்தக் குறையைக் குறைக்கின்றன, முற்றாக நீக்கவில்லை. மேலும், தாளில் குறையில்லாத வில்லை, வார்ப்பில் நூலளவு விலகினாலே மங்கலான படத்தைத் தரக்கூடும். ஆகவே கணக்கைக் கணினியிடம் தாராளமாக விடலாம். எங்கிருந்து தொடங்குவது, எந்தப் பிசகைப் பொறுப்பது என்பதை அனுபவமுள்ள வடிவமைப்பாளரே தீர்மானிக்க வேண்டும்.