ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு பில் கம்ப்யூட்டர்: 47,200 ரூபாய்க் கணக்கு

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் கணக்கு எழுதும் கடையில் தேங்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை, சாம்பார் பொடி, காபித்தூள் எல்லாம் உண்டு. பில் போடும் கம்ப்யூட்டர்தான் அரதப் பழசு. என்டர் பொத்தானைச் சுற்றி மஞ்சள்தூள் ஏறி, துடைத்தாலும் போகாது. காலையில் போட்டால் திரை வர 4 நிமிடம். மூன்று தீபாவளியாகக் கடைக்காரர் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்றே சொல்லி வந்தார்.

கடைசியில் ஒரு தேதி நெருக்கியது. எங்கள் கம்ப்யூட்டரில் ஓடிய, 2015 ஜூலை 29 அன்று வந்த விண்டோஸ் 10-க்கு, வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. முதல் இரண்டும் எங்களிடம் இருந்தன, மூன்றாவது இல்லை. கடையின் மொத்த வரவு செலவும் இருக்கும் பெட்டியை இனி அப்படியே ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

நவம்பரில் நேரு பிளேஸ் போனோம். மெட்ரோவில் பிங்க் லைனில் 2 ஸ்டேஷன், லாஜ்பத் நகரில் மாறி வயலட் லைனில் 3. பெட்டி, மானிட்டர், விண்டோஸ் உரிமம் சேர்த்து 40,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 7,200. ஆக 47,200.

“சார், அந்த 7,200 இன்புட்ல திரும்ப வந்துடும்ல?” என்றார் கடைக்காரர்.

இன்புட் என்றால், வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை விற்பனை வரியில் கழித்துக்கொள்வது. அது முழுசாக வராது. தேங்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் வரி கிடையாது. சாம்பார் பொடிக்கும் காபித்தூளுக்கும் 5 சதவீதம் உண்டு. இரண்டு வகைக்கும் பொதுவாக ஒரே கம்ப்யூட்டர் என்பதால், ஜி.எஸ்.டி. விதி 43 அந்த வரியை 60 மாதத்துக்குப் பிரிக்கச் சொல்கிறது: மாதம் 120 ரூபாய். விற்பனையில் 100-க்கு 70 வரியில்லாத சரக்கு என்றால் 84 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டும். கையில் நிற்பது 36. ஐந்து வருஷத்தில் 2,160 மட்டுமே. மீதி 5,040 கடைக்காரர் தலையில். சாமானிய மக்கள் தினம் வாங்கும் காய்க்கு வரி போடாதது நியாயம்தான். ஆனால் அதை விற்கிறவர் தன் கருவிக்குக் கட்டிய வரி அவர் தலையிலேயே நிற்பது நியாயமாக எனக்குப் படவில்லை. ஒன்றரைக் கோடிக்குள் விற்றுக் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இந்த 36-ம் கிடையாது.

வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். அக்டோபர் பிறக்கும் முன் வாங்கியிருந்தால் முதல் வருஷமே 16,000 கழித்திருக்கலாம். மார்ச் 31-க்குள் 180 நாள் ஓடாததால் பாதிதான், 8,000. மிச்சம் காணாமல் போகாது, அடுத்த வருஷங்களில் வரும். ஆனாலும் தள்ளிப்போட்டதற்கு ஒரு விலை இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத வரவு கரண்டில் வந்தது. பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தோம். பழசு 110 வாட், புதுசு 50. மிச்சம் 60 வாட், நாளைக்கு 10 மணி நேரம், 26 நாள்: மாதம் 15.6 யூனிட். யூனிட் 8.50 என்று போட்டால் 132 ரூபாய் 60 பைசா. இன்புட்டில் வரும் 36-ஐப் போல மூன்றரை மடங்குக்கு மேல்!

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஜி.எஸ்.டி. கணக்கை, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

புதுசுக்கு மாற்றும் வேலையில் அதிக நேரம் தின்றது சரக்குப் பட்டியல். முருங்கைக்காய் ஒன்றே மூன்று எழுத்துக்கூட்டலில், மூன்று விலையில் கிடந்தது. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தித் தமிழ்ப் பெயரும் சேர்த்தோம். யூனிகோடில் ‘முருங்கைக்காய்’ 7 எழுத்து, 14 குறியீடு, யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 42 பைட். 500 சரக்குக்கும் இப்படியே வைத்தாலும் 21,000 பைட். ஒரு சின்ன போட்டோ அளவுகூட இல்லை. எங்கள் பில் மிஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாததால் கம்ப்யூட்டர் அதைப் படமாக வரைந்து அனுப்புகிறது, ஒரு வரிக்கு 576 புள்ளி. முதல் பில்லில் எழுத்து மங்கலாக வந்தது. எழுத்தை இரண்டு அளவு பெரிதாக்கியதும் ‘ங்’கின் புள்ளிகூடத் தெளிவாக விழுந்தது.