எல்லோரும் படிக்கலாம்; படிப்பவர் யார்?

கணிப்பொறியைத் தொட்டுப் பார்க்காத மாணவி இன்று நம்மிடையே இல்லை எனலாம். பொத்தானை அழுத்துகிறோம், திரை ஒளிர்கிறது, விசைகளைத் தட்டத் தட்ட எழுத்துகள் வந்து நிற்கின்றன. இவ்வளவும் நடைபெறுவதற்கு முன்பே, நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மென்பொருள் விழித்தெழுந்து, நினைவகத்தைப் பங்கிட்டு, எந்த வேலை முதலில், எது அடுத்து, யார் எதைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்றெல்லாம் ஒழுங்கு செய்துவிடுகிறது. அதற்கு இயங்குதளம் என்று பெயர். கூட்டுக் குடும்பத்தில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருக்கும் பாட்டியைப் போன்றது அது. பாட்டி அறியாமல் பத்தாயமும் திறவாது, பணப்பெட்டியும் திறவாது. ஆகவே அந்தப் பாட்டியை நம்பலாமா என்பது சிறிய கேள்வியன்று.

இயங்குதளத்தை மனிதர்கள் ‘சி’ போன்றதொரு நிரல்மொழியில் எழுதுகிறார்கள். அதை மூலநிரல் என்பர். பயின்றவர் அதைப் படித்துப் பொருள் கொள்ளலாம். பின்னர் ‘கம்பைலர்’ எனப்படும் மொழிமாற்றி, அதை இயந்திரத்துக்கு மட்டுமே விளங்கும் எண்வரிசையாக மாற்றித் தருகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸை வாங்கினால் நமக்குக் கிடைப்பது இந்த இரண்டாவது வடிவம்தான். லினக்ஸ் போன்றவற்றிலோ மூலநிரலும் சேர்ந்தே கிடைக்கிறது. கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடிக்கும், மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று எழுதிய குறிப்போடு வரும் பொடிக்கும் உள்ள வேறுபாடு இது. குறிப்பு கையிலிருந்தால் சரிபார்க்கலாம், காரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அடுத்த வீட்டுக்கும் எழுதிக் கொடுக்கலாம். இதையே திறந்தமூல மென்பொருள் என்கிறோம்.

1983-ல் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் ‘க்னூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் அனைவருக்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆம் வயதில் பொழுதுபோக்காக எழுதியதே லினக்ஸ். ஸ்டால்மன் சொன்ன ‘ஃப்ரீ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பலரும் ‘இலவசம்’ என்றே பொருள் கொண்டனர். நம் மொழிக்கு அந்தத் தொல்லை இல்லை. விலையற்றது வேறு, கட்டற்றது வேறு என்று நமக்கு இரு சொற்கள் உண்டு.

மாணவர் ஒருவரின் பொழுதுபோக்கு இன்று எங்கெங்கோ பரவிவிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பது லினக்ஸின் கரு. உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியலில், 2017 நவம்பரில் அனைத்துமே லினக்ஸில் இயங்குபவையாக இருந்தன. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் லினக்ஸ் வழி வந்ததே. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அதைப் பார்த்த அக்காமார் நம் வீடுகளில் இருக்கலாம்.

பாதுகாப்பு என்று வரும்போதுதான் வாதம் சூடுபிடிக்கிறது. ‘பூட்டின் அமைப்பைத் திருடனுக்கே வரைந்து காட்டலாமா?’ என்று கேட்பவர் ஒரு பக்கம். இதற்கு விடை மிகப் பழையது. ஓகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழிப் பேராசிரியர் 1883-ல் இராணுவச் சங்கேத எழுத்தைப் பற்றி எழுதுகையில், முறை முழுவதும் பகைவர் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது என்றார். மறைக்க வேண்டியது சாவியை மட்டுமே, பூட்டின் அமைப்பையன்று. மறு பக்கத்தினர், ‘ஆயிரம் கண்கள் பார்க்கும்போது எந்தப் பிழை ஒளிந்திருக்க முடியும்?’ என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நூலகத்தில் திறந்து கிடக்கும் புத்தகமெல்லாம் படிக்கப்பட்டுவிட்டதாக எந்த நூலகரும் சொல்லமாட்டார். ஆயிரம் பேர் பார்க்கலாம் என்பதும் ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்பதும் ஒன்றல்ல.

2014 ஏப்ரல் 7-ல் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை இதற்கு நல்ல சான்று. வங்கித் தளத்துக்கோ மின்னஞ்சலுக்கோ நாம் அனுப்பும் செய்தியைப் பிறர் படிக்காதபடி மறைத்துக் கொண்டுசெல்லும் திறந்தமூல மென்பொருள்களில் ஒன்று ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’. அதில் இரு கணிப்பொறிகளும் இடையிடையே ‘இருக்கிறாயா?’ என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் வசதி உண்டு. ‘வணக்கம் என்ற 5 எழுத்துச் சொல்லைத் திருப்பிச் சொல்’ என்று ஒன்று கேட்கும், மற்றது சொல்லும். ஆனால், ‘வணக்கம் என்ற 60,000 எழுத்துச் சொல்லைத் திருப்பிச் சொல்’ என்று ஒரு போக்கிரி கேட்டால் என்னவாகும்? சொல்லின் உண்மையான நீளத்தைச் சரிபார்க்கும் வரி நிரலில் விடுபட்டிருந்தது. எனவே அந்தப் பேதைக் கணிப்பொறி ஐந்து எழுத்தையும் சொல்லிவிட்டு, நினைவகத்தில் அதன் பக்கத்தில் இருந்ததையெல்லாம், கடவுச்சொல் ஆனாலும் இரகசியச் சாவி ஆனாலும், சேர்த்து ஒப்பித்துவிடும்.

இந்த நிரல் சேர்க்கப்பட்டது 2011 டிசம்பர் 31 இரவு. 2012 மார்ச்சில் வெளியீடு. அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் அது உலகின் கண்முன் திறந்தே கிடந்தது. அந்நாளில் ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்; முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். அதனை நம்பிக் கோடி கோடியாய் வாணிகம் செய்த நிறுவனங்களோ பல. செய்தி வெளியான அதே மாதத்தில் பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை வழியாகப் பணம் தர முன்வந்தன. வெள்ளம் வந்தபின் கரையைப் பலப்படுத்துவது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று போலும்!

ஹார்ட்பிளீட் கவனக்குறைவால் நேர்ந்தது. அடுத்து நான் சொல்லப்போவது திட்டமிட்டுச் செய்யப்பட்டது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

கோப்புகளைச் சுருக்கி மடித்து வைக்கும் ‘எக்ஸ்ஸீ’ என்ற சிறு மென்பொருள் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணிப்பொறிகளிலும் உண்டு. அதைப் பல ஆண்டுகளாகப் பேணி வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின். ஊதியமில்லை, ஓய்வு நேரத்துப் பணி. 2021-ன் இறுதியில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் சிறு சிறு திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். திருத்தங்கள் ஒழுங்காகவே இருந்தன. 2022-ல் வேறு சில பெயர்களிலிருந்து கடிதங்கள் வந்தன: வேலை மிக மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தால் என்ன என்று. தமக்கு ஆர்வம் குன்றவில்லை, ஆனால் நெடுநாளைய மனநலக் குறைவால் வேகம் தளர்ந்துவிட்டது என்று காலின் பொதுவிலேயே எழுதினார். களைத்த மனிதருக்குக் கைகொடுக்க ஒருவர் அருகிலேயே நிற்கிறார். அவரை நம்பாமல் யாரை நம்புவது? ஜியா டான் மெல்ல மெல்லப் பொறுப்பாளர்களில் ஒருவரானார். ஆட்டுத்தோல் போர்த்தி வருபவரைப் பற்றி நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். இங்கே அந்தத் தோலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழற்றவே இல்லை.

2024 பிப்ரவரியில் 5.6.0 என்ற பதிப்பு வெளியாயிற்று. அதனுள் ஒரு கொல்லைப்புறக் கதவு இருந்தது. அது ஒளித்துவைக்கப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. சுருக்கும் மென்பொருளைச் சோதிக்க, வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட கோப்புகள் தேவைப்படும். அவற்றைத் திறந்து பார்த்தால் பொருளற்ற குவியலாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட சோதனைக் கோப்புகளுக்குள் நஞ்சு வைக்கப்பட்டது. அதை எடுத்து மென்பொருளில் கலக்கும் ஒரு சில வரிகளோ, எல்லோரும் பார்க்கும் பொது ஏட்டில் இல்லை. கட்டி அனுப்பிய பொட்டலத்தில் மட்டுமே இருந்தன. பொட்டலத்தில் தானாக உருவாகும் கோப்புகள் சில கூடுதலாக இருப்பது வழக்கமாதலால் ஒருவரும் ஐயுறவில்லை. தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் ‘எஸ்எஸ்ஹெச்’ என்ற வாயிலை, குறிப்பிட்ட ஓர் இரகசியச் சாவி வைத்திருப்பவர் மட்டும் காவலைத் தாண்டித் திறக்கும்படி அது மாற்றிவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டு. ‘போஸ்ட்கிரஸ்’ என்னும் தரவுத்தள மென்பொருளில் உழைப்பவர். அவருக்குச் சம்பளம் தருவது மைக்ரோசாஃப்ட் என்பது ஒரு சுவையான செய்தி. அவர் தேடிப் போனது கள்வனையன்று. வேறொரு வேலைக்காக நேர அளவுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் நுழைவுக்கு வழக்கமாக ஆகும் 0.3 விநாடி, 0.8 விநாடியாக நீண்டிருந்தது. அரை விநாடி! நாமாயிருந்தால் கண் சிமிட்டியிருப்போம். அவர் விடவில்லை. இழையைப் பிடித்துக்கொண்டே போய், 2024 மார்ச் 29 அன்று முழுவதையும் உலகுக்கு எழுதினார். அன்று புனித வெள்ளி. நஞ்சு கலந்த பதிப்பு அப்போது டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனை வெளியீடுகளை எட்டியிருந்தது. பெரும்பாலான கணிப்பொறிகளில் நிலையாகப் பரவுவதற்குமுன் நிறுத்தப்பட்டது. ஜியா டான் என்ற பெயர் அத்தோடு மறைந்தது. லாசே காலின் திரும்பி வந்து, நஞ்சை அகற்றி, மே 29-ல் 5.6.2 பதிப்பைத் தம் கையாலேயே வெளியிட்டார்.

இதனால் மூடிய மென்பொருளே மேல் என்று சிலர் எழுதினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற கொள்ளை நிரல் விண்டோஸிலிருந்த ஓட்டை வழியே 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் புகுந்து, இங்கிலாந்தின் மருத்துவமனைகளைத் திணறவைத்தது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே தந்திருந்தும், பல இடங்களில் அதைப் போடாமலேயே விட்டிருந்தனர். மூடிய பெட்டியிலும் பிழை உண்டு. அங்கே ஃப்ராய்ண்டைப் போல் வெளியார் ஒருவர் நூல் பிடித்துப் போகத்தான் வழி குறைவு. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றி 1984-ல் அச்சான உரையில் இன்னும் ஒரு படி மேலே போனார். மொழிமாற்றியே கெட்டிருந்தால், தூய மூலநிரலிலிருந்தும் நஞ்சுள்ள மென்பொருள் பிறக்கும் என்று செய்தே காட்டினார். ஆக, கடைசியில் நாம் நம்புவது நிரலை மட்டுமன்று, அதை எழுதிய ஆள்களையுந்தான்.

இங்கேதான் நிரலெழுதும் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணிப்பொறி படிக்க விரும்பும் மாணவியரிடம் கேட்டால், புதிய செயலி செய்வேன், புதிய விளையாட்டு செய்வேன் என்கிறார்கள். நல்லதே. ஆனால் இத்தொழிலில் ஈடுபட்டோரின் நாளில் பெரும்பகுதி, பிறர் எழுதியதைப் படிப்பதிலும், பழையதைச் செப்பனிடுவதிலும் கழிகிறது. வீடு கட்டுபவருக்குத் திறப்பு விழா உண்டு. ஒழுகும் ஓட்டை மாற்றுபவருக்கு மாலை விழுவதில்லை. தேர்வுகளிலும் ‘நிரல் எழுதுக’ என்ற வினாவே மிகுதி. ‘இந்த நிரலில் ஒளிந்துள்ள தீங்கைக் காண்க’ என்று கேட்டால் வகுப்பே விழிக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் நூறு வரி எழுதித் தருகின்றன. எழுதுவது எளிதாக ஆக, படித்துப் பார்ப்பவரின் பாரம் கூடுகிறது என்பதே என் கருத்து.

பெண்கள் இத்தொழிலுக்குப் புதியவர்கள் அல்லர். 1940-களில் எனியாக் என்ற மாபெரும் கணிப்பொறிக்கு நிரலமைத்தோர் ஆறு பெண்கள். 1965-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்ற அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர், அந்நாட்டில் இத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் சிலருள் ஒருவர். கன்னியர் உடையில் இருந்த அவர், அயோவா மாநிலத்துக் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தினார். கணிப்பொறி வல்லுநருக்கு மட்டுமின்றி எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். 1985-ல் மறைந்தார், லினக்ஸை அவர் காணவில்லை.

படிக்கும் பழக்கத்தைத் தொடங்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. லினக்ஸில் ‘டிஃப்’ என்றொரு கட்டளை உண்டு. 1970-களில் யூனிக்ஸில் தோன்றியது. இரண்டு கோப்புகளின் பெயரைக் கொடுத்தால், அவற்றுள் மாறிய வரிகளை மட்டும் காட்டும். நீங்கிய வரிக்கு முன் ஒரு குறி, புதிதாக நுழைந்த வரிக்கு முன் வேறொரு குறி. திறந்தமூல உலகில் ஒரு திருத்தத்தை ஏற்பதா தள்ளுவதா என்று பார்ப்பவர் முன் விரிந்திருப்பதும் இத்தகைய பட்டியல்தான். நிரலெழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் எழுதிய கட்டுரையின் முதல் படியையும், தோழியிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிய படியையும் அதனிடம் கொடுத்துப் பாருங்கள். அவள் சொல்லாமல் மாற்றிய காற்புள்ளிகூட வந்து நிற்கும்.