மழையில் திணறும் மோட்டார் வண்டி

தமிழ்நாட்டில் நாம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எதிர்நோக்கும் பெருமழை, மும்பை வட்டாரத்தில் வைகாசி முடியும் தறுவாயிலேயே தொடங்கிப் புரட்டாசி வரை நீடிக்கிறது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்திலோ, ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களிலேயே சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்துவிடுகிறது. இந்த நான்கு மாத ஈரத்தை நாம் தாங்குவது போலவே நம் மோட்டார் வண்டியும் தாங்க வேண்டியிருக்கிறது.

நெருளில் குடியிருந்து, வாஷிப் பாலத்தைக் கடந்து, செம்பூருக்கும் மாதுங்காவுக்கும் காரில் சென்று வரும் தமிழர் பலர். வாடகை வண்டி ஓட்டியே குடும்பம் நடத்துவோரும் உளர். மழை பெய்யும் காலைப் பொழுதில் வண்டி குலுங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலும் இழுவை இல்லை. புகைக்குழாயில் ஒழுங்கற்ற ஓசை கேட்கிறது. பட்டறை வழக்கில் இதனை ‘மிஸ் அடிக்கிறது’ என்பார்கள். பட்டறைக்குக் கொண்டு சென்றால், அதற்குள் இஞ்சின் சூடேறி, ஈரம் காய்ந்து, வண்டி ஒழுங்காக ஓடுகிறது. பிறகு ஊகத்தின் பேரில் பிளக், காயில், பெட்ரோல் பம்பு என்று ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. பணம் செலவாகிறது, அடுத்த மழையில் பழைய குறையே திரும்பி வருகிறது. ஈரத்தில் மட்டும் தோன்றும் குறையை ஈரத்திலேயே தேட வேண்டும் என்பதும், அதற்கு முதற்சாட்சி வண்டியை ஓட்டுபவரே என்பதும் இங்கு நாம் எடுத்துக்கூற விரும்பும் செய்தி.

முதலில் இஞ்சினுக்குள் நடப்பது என்னவென்று காண்போம். பெட்ரோல் இஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் அக்கலவையை அழுத்துகிறது. அழுத்தம் உச்சத்தை நெருங்கும் வேளையில் ஸ்பார்க் பிளக்கின் முனையில் ஒரு தீப்பொறி தோன்றிக் கலவையை எரிக்கிறது. நான்கு சிலிண்டர் கொண்ட சாதாரண இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் வினாடிக்கு 25 முறை பொறி தர வேண்டும். நான்கும் சேர்ந்து வினாடிக்கு நூறு பொறிகள். இவற்றில் ஒரு பகுதி தவறிப்போவதையே மிஸ் அடித்தல் என்கிறோம்.

பிளக் முனையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆயினும் அழுத்தப்பட்ட கலவையின் ஊடே மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டுவது எளிதன்று. பேட்டரி தருவது 12 வோல்ட் மட்டுமே. அதனை இக்னிஷன் காயில் இருபதினாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. இத்துணை வலிமையுள்ள மின்சாரம் எளிய வழி எதுவோ அதனையே நாடும். ரப்பர் உறையில் ஒரு வெடிப்பும், அவ்வெடிப்பில் சிறிது ஈரமும் இருந்தால் போதும்; பிளக் முனையைத் தாண்டாமல், அந்த ஈரத்தின் வழியே இஞ்சினின் இரும்பில் இறங்கிவிடுகிறது. நெருளின் ஒருபுறம் கடற்கழி இருக்கிறது. கழிக்காற்றோடு வரும் உப்பு ஒயர்களின் மேலும் மூடிகளின் மேலும் மெல்லிய படலமாகப் படிகிறது. உலர்ந்திருக்கும்போது அதனால் தீங்கில்லை. மழைத்துளி பட்டதும் அதுவே மின்சாரம் கசிவதற்குப் பாதையாகிறது.

பழைய வண்டிகளில் இக்கசிவு மிகுதி. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் ஃபியட் 1100 வண்டியையும், அதன் வழிவந்த பத்மினியையும் தயாரித்தது. 2023 அக்டோபர் இறுதியோடு கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றன. அவ்வண்டிகளில் ஒரே காயில். அதிலிருந்து வரும் மின்சாரத்தை நான்கு ஒயர்களுக்கும் முறையாகப் பகிர்ந்தளிக்க ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடிக்குள் ஈரம் புகுந்தால் வண்டி கிளம்பாது. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுவது அக்கால டாக்சி ஓட்டுநரின் மழைக்கால வழக்கம். இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. பிளக் ஒவ்வொன்றின் தலைமேலும் தனித்தனிக் காயில் அமர்ந்திருக்கிறது. உருவம் மாறினாலும் இயல்பு மாறவில்லை. காயிலின் கீழுள்ள ரப்பர் குழல் வெடித்தாலோ, பிளக் அமர்ந்துள்ள குழியில் நீர் தேங்கினாலோ, குறை அதே குறைதான். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே இல்லையாதலால், இங்கு நாம் கூறும் மின்கசிவு அதற்குப் பொருந்தாது.

இனி, நோயை அறியும் முறை. மருத்துவர் நோயாளியைக் கேட்பது போல், வண்டியோட்டி தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறை எப்பொழுது தோன்றுகிறது? இரவு முழுதும் மழையில் நின்ற வண்டி காலையில் திணறி, பத்து நிமிடத்தில் சூடேறியதும் சரியாகிவிட்டால், ஒயரிலோ மூடியிலோ காயில் ரப்பரிலோ ஈரம் படிந்தது என்று கொள்ளலாம். தேங்கிய நீரைக் கடந்த மறுகணமே திணறினால், நீர் கீழிருந்து வாரி இறைக்கப்பட்டிருக்கிறது. சமதரையில் ஒழுங்காக ஓடி, மேம்பாலம் ஏறும்போது மட்டும் குலுங்கினால், அதுவும் மின்கசிவுக்கு அடையாளமே. சுமை மிகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுகிறது, பொறி பாய அதிக வோல்ட் தேவைப்படுகிறது, நலிந்த உறை அதனைத் தாங்குவதில்லை. வெயில் நாளிலும் இக்குறை இருக்குமாயின், மழையின்மேல் பழி போடுதல் கூடாது. தேய்ந்த பிளக், அடைபட்ட இன்ஜெக்டர், வால்வு முதலியவற்றைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் நிரப்பிய உடனே குறை தொடங்கினால், எரிபொருளில் நீர் கலந்திருக்கக் கூடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் ஓர் அளவை மீறிச் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். அத்தகைய எரிபொருளை வடித்தெடுப்பதே வழி.

மும்பை வட்டாரத்தில் சி.என்.ஜி. வாயுவில் ஓடும் வண்டிகள் மிகுதி. இவற்றை வைத்திருப்போருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. வாயுவில் பொறி பாய்வதற்குப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்ட் வேண்டும். ஆகவே, வாயுவில் திணறும் வண்டி பெட்ரோலுக்கு மாற்றியதும் சீராக ஓடினால், பொறி வழங்கும் பகுதியில் நலிவு இருப்பதாக முதலில் ஐயுறலாம். பெட்ரோலில் ஓடுகிறதே என்று அதனை அப்படியே விட்டுவிடலாகாது.

அடுத்தது கண்ணால் காணும் சோதனை. இருட்டிய பின், காற்றோட்டமான திறந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து பார்க்கவும். மின்சாரம் கசியும் இடத்தில் நீலநிறப் பொறி தெரியும். ‘டிக் டிக்’ என்ற ஓசையும் கேட்கும். ஒன்றும் தெரியாவிடின், துணிக்கு இஸ்திரி போடும்போது நீர் தெளிக்கும் குப்பியால் பிளக் ஒயர்களின்மேல் ஒவ்வொன்றாக மெல்லிய தூவல் இடவும். எந்த ஒயரில் நீர் பட்டதும் இஞ்சின் தடுமாறுகிறதோ, குறை அங்கேதான். இதைச் செய்யும்போது ஒயரையோ காயிலையோ கையால் தொடலாகாது. தளர்ந்த உடையும், வேட்டி, புடவைத் தலைப்பும் விசிறிப் பட்டையருகே செல்லாமல் காத்துக்கொள்ள வேண்டும். ஓடும் இஞ்சினிலிருந்து ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இன்றைய வண்டிகளுக்கு ஒவ்வாது. காயிலும் மின்னணுச் சாதனங்களும் அதனால் கெடக்கூடும்.

மற்றொரு வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பொறி வருகிறதா என்று பார்த்து, ‘பொறி இருக்கிறது, ஆகவே குறை வேறெங்கோ’ என்று முடிவு கட்டுவோர் உண்டு. திறந்த வெளியில் பொறி பாய்வது எளிது. சிலிண்டரின் அழுத்தத்தில் பாய்வது அரிது. வெளியே பொறி வந்தது என்பதனால் உள்ளேயும் வரும் என்று துணிய இயலாது.

அண்மைக்கால வண்டிகளில் இன்னொரு துணையும் இருக்கிறது. இஞ்சினைக் கண்காணிக்கும் கணினி, எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்பதைக் குறியீடாகப் பதிந்து வைக்கிறது. பி 0301 என்றால் முதற்சிலிண்டர். பி 0304 என்றால் நான்காவது. பி 0300 என்றால் ஒரு சிலிண்டர் என்றில்லாமல் பலவற்றிலும் தவறு. பட்டறையில் ஸ்கேனர் கருவி கொண்டு இதனைப் படிக்கலாம். இரண்டாம் சிலிண்டர் என்று வந்தால், அதன் காயிலை மூன்றாவதில் மாட்டி மீண்டும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குறியீடு மூன்றுக்கு மாறினால் காயிலே குற்றவாளி. மாறாவிடின் பிளக், குழியில் நீர், இன்ஜெக்டர் என்று தேடலாம். இச்சோதனைக்குப் புதிய சாமான் எதுவும் வாங்க வேண்டியதில்லை. முகப்பிலுள்ள இஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காலந்தாழ்த்தலாகாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று, அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதனை உருக்கிவிடும். ஒரு ரப்பர் குழலின் விலையில் முடியவேண்டியது, பன்மடங்கு செலவில் கொண்டுபோய் விடும்.

நீர் புகுந்த வழியை அடைப்பதும் பழுதுபார்ப்பின் ஒரு பாதியாகும். வைப்பருக்குக் கீழே, பானெட்டின் பின்விளிம்பில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. மரநிழலில் நிற்கும் வண்டியில் உதிர்ந்த இலைகள் அதன் வடிகாலை அடைத்துக்கொள்ள, மழைநீர் வழிந்து இஞ்சினின் தலைமேல் விழுகிறது. காயிலை மாற்றி இலையை அப்படியே விட்டால் புதிய காயிலும் நனையும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் மயிரிழை போன்ற கரிக்கோடு தென்பட்டால், அது துடைத்தால் போவதன்று. மூடியையே மாற்ற வேண்டும். பிளக் ஒயர்களில் ஒன்று வெடித்திருந்தால் மற்றவையும் அதே வயதினவாதலால், நான்கையும் சேர்த்து மாற்றுதல் நலம். ஈரத்தை விரட்டும் தெளிப்பு எண்ணெயும் கடைகளில் கிடைக்கிறது. அவற்றுள் புகழ்பெற்ற டபிள்யூ.டி. 40, அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் 1953-இல், ஏவுகணைகளைத் துருவினின்று காப்பதற்காக உருவாக்கப்பட்டது. இஞ்சினை நிறுத்திவிட்டுத் தெளித்தால் ஈரம் விலகி வண்டி வீடு சேரும். ஆயினும் அது வெடித்த ரப்பரை ஒட்டவைக்கும் மருந்தன்று.

முடிவாக, திணறுதல் வேறு, மூழ்குதல் வேறு என்பதை மனத்தில் இருத்த வேண்டும். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று நீரில் சிக்கிய கார்களுக்குள்ளேயே உயிரிழந்தோர் உண்டு. மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகளில் நீர் தேங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் இருப்பின் அதற்குள் வண்டியைச் செலுத்தாதீர். நீரின் நடுவே இஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் சாவியைத் திருப்பாதீர். காற்று நுழையும் வழியே நீர் சிலிண்டருக்குள் சென்றிருக்கலாம். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த இயலாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து இஞ்சினே பாழாகும். கதவு திறக்கும்போதே அனைவரும் இறங்கி மேடான இடம் சேர்வது முதற்கடமை. வண்டியைப் பிறகு தள்ளியோ இழுத்தோ பட்டறைக்குக் கொண்டு செல்லலாம்.

மே மாதம் முடியுமுன் ஒயர், ரப்பர், வடிகால் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மழை தொடங்கிய பின் வண்டி திணறினால், எந்த நாள், எந்த இடம், மழையா தேங்கிய நீரா, ஏற்றமா சமதரையா, வாயுவா பெட்ரோலா, எத்தனை நிமிடத்தில் சரியாயிற்று என்பவற்றை ஒரு தாளில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். உலர்ந்த வண்டி காட்டாத குறையை அந்தத் தாள் அவருக்குக் காட்டும்.